18,500 ரூபாய் போயிற்று: பழைய காமிக்ஸ் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

பார்சலைப் பிரித்து ஆறு நாள் ஆகிறது. இன்னும் வயிறு எரிகிறது. 18,500 ரூபாய். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கடன் எல்லாம் அடைத்த பிறகு எனக்கென்று ஒதுக்கி வைத்த பணம்.

நான் வாங்க நினைத்தது ‘குவாண்டம் அண்ட் வூடி’ என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ். சிவகாசியிலிருந்து வரும் மாயாவி, ஸ்பைடர் காமிக்ஸில் வளர்ந்தவன் நான். கல்லூரி நாளில் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோதுதான் இந்த ஜோடி எனக்கு அறிமுகம். 1997-இல் கிறிஸ்டோபர் பிரீஸ்ட் எழுத, எம்.டி. பிரைட் வரைந்து தொடங்கிய தொடர். ஒருவன் கறுப்பர், ஒருவன் வெள்ளையர், சிறுவயதுச் சிநேகிதர்கள். இருவர் கையிலும் உலோகப் பட்டை. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றை ஒன்றோடொன்று மோதாவிட்டால் இருவரும் கரைந்துபோவார்கள். பேச்சுவார்த்தையே அற்றுப்போனாலும் மறுநாள் எதிரில் வந்து கையை நீட்டியே ஆக வேண்டும். நட்பைப் பற்றி இதைவிட நல்ல கற்பனையை நான் எந்தச் சித்திரக்கதையிலும் பார்த்ததில்லை.

மாமா 17-ஆம் இதழ் வரை கொண்டுவந்தார். தொடர் அதோடு நின்றது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓடுகளைப் பிய்த்து எறிந்தபோது அந்தப் பதினேழும் தண்ணீரில் ஊறிக் கூழாயின.

2013-இல் ஜேம்ஸ் ஆஸ்மஸ் எழுத, டாம் ஃபௌலர் வரைய, தொடர் புதிதாகத் தொடங்கியது. அதை இரவல் வாங்கித்தான் படித்திருந்தேன். பழைய வாசகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. சிநேகிதர்களை வளர்ப்புச் சகோதரர்களாக மாற்றியது நல்ல முடிவு. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அப்பாவின் சாவில் மறுபடி சந்திக்கும்போது சண்டையில் வேறொரு சூடு இருக்கிறது. ஆனால் பிரீஸ்ட் கறுப்புக் கட்டத்தில் ஒற்றை வரித் தலைப்புப் போட்டு, கதையை முன்னும் பின்னுமாகக் கலைத்து நம்மையே அடுக்க வைப்பார். அந்த மரியாதை புதியதில் இல்லை. சிரிக்க வைத்துவிட்டு உடனே அடுத்த சிரிப்புக்கு ஓடுகிறது. இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் பல நாள் ஆசை.

அந்த ஆசையில்தான் விழுந்தேன். பழைய பொருள்களை வாங்கி விற்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் விளம்பரம் பார்த்தேன்: பழைய வரிசை முழுவதும், 2013 வரிசையும் சேர்த்து 20,000 ரூபாய். சந்தேகத்தோடுதான் பேசினேன். எதிர்முனையில் ஒரு தம்பி. நான் கேட்பதற்கு முன்பே அவனே சொன்னான்: “அண்ணே, 17-க்கு அடுத்து 32 இருக்கும். தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இடையில் நிற்காமல் வந்திருந்தால் எந்த எண்ணாக இருக்குமோ அந்த எண்ணைப் போட்டுத்தான் 1999-இல் திரும்ப வந்தார்கள். அதற்குப் பிறகுதான் 18.”

உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. இதைத் தெரிந்த இன்னொருவரோடு அதுவரை நான் பேசியதே இல்லை. அந்த நிமிடமே அவன் எனக்கு வியாபாரியாகத் தெரியவில்லை, உறவுக்காரன் ஆகிவிட்டான். “செயலி வழியாகப் போனால் பிடித்தம் போகும் அண்ணே, நேரே அனுப்பினால் 1,500 குறைத்துக்கொள்கிறேன்” என்றான். அனுப்பினேன். 18,500 ரூபாய். ஒரே தடவையாக.

வந்தது என்ன தெரியுமா? வழவழப்பான தாளில் வண்ண நகல்கள். புத்தம் புதுக் கம்பி ஊசி அடித்து மடித்தவை. முதல் இதழின் ஐந்தாம் பக்கத்து ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அச்சாகியிருக்கிறது. யாரோ புத்தகத்தை விரித்துப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறார்கள், அந்த விரல், நகத்தின் அழுக்கு உட்பட! நான் இத்தனை ஆண்டு கண்ணால் பார்க்காத 32-ஆம் இதழில் அட்டை மட்டுமே நகல். உள்ளே ஏதோ குழந்தைகளுக்கான ஆங்கிலப் பாடப் புத்தகம். 2013 வரிசை பார்சலிலேயே இல்லை.

போன் செய்தேன். முதல் நாள் “அண்ணே, மாற்றி அனுப்பிவிட்டார்கள், பார்க்கிறேன்.” மறுநாள் “சார், கூரியர்காரரைக் கேளுங்கள்.” மூன்றாம் நாள் எண்ணே அணைந்துவிட்டது. செயலியின் உதவிப் பகுதியில் இயந்திரம் பதில் சொல்கிறது: பணம் வெளியே செலுத்தப்பட்டதால் பொறுப்பில்லை. நான்கு தடவை எழுதினேன், நான்கு தடவையும் அதே வரி. வங்கியில் “நீங்களே அனுப்பியதுதானே” என்றார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில் ஒருவர் “பொம்மைப் புத்தகத்துக்கா 18,500?” என்று கேட்டார். பணம் போனதைவிட அது வலித்தது.

விரிவாக, பத்துப் பன்னிரண்டு அறிவுரையாவது எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இவ்வளவுதான்: செயலிக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இதழை விரித்து, உள்பக்கத்தையும் நடு ஊசியையும் காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். நான் அவன் வார்த்தையை நம்பி மூன்று நாள் தாமதித்துவிட்டேன். விஷயம் தெரிந்தவன் என்பதால் மட்டும் ஒருவனை நம்பாதீர்கள்.

அந்த 32-ஆம் இதழ் உண்மையாகவே யாரிடமாவது இருந்தால், எனக்கு விற்க வேண்டாம். முதல் பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள், போதும்.