கோடை இடிமழையைத் தொடர ரேடாரா, செயற்கைக்கோள் படமா?

சித்திரை, வைகாசி மாதங்களில் காவிரி டெல்டாவில் பெய்யும் இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்தே வருகிறது. பச்சைமலை, கொல்லிமலைப் பகுதிகளில் பிற்பகலில் திரளும் மேகங்கள் கிழக்கே நகர்ந்து, நாகைக் கரையிலிருந்து உள்ளே நுழையும் கடற்காற்றைச் சந்திக்கும் இடத்தில் மேலும் வலுப்பெறுவதுண்டு.

அந்தத் தொடக்கத் திரட்சியைக் கண்டறிய மேக உச்சியின் வெப்பநிலையைக் காட்டும் இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படமே ஏற்றது. மேக உச்சி விரைவாகக் குளிர்ந்தால் மேகம் வேகமாக உயர்கிறது என்று பொருள். ஆனால் முதிர்ந்த மேகத்தின் உச்சி பரந்து விரிந்து, அடியில் எந்த ஊரில் மழை கொட்டுகிறது என்பதை மறைத்துவிடும்.

காரைக்கால் டாப்ளர் ரேடார் அந்தத் திரையை ஊடுருவிப் பார்க்கிறது. அதன் அலைகள் மழைத்துளிகளிலும் ஆலங்கட்டியிலும் பட்டுத் திரும்பும் வலிமை டிபிஇசட் (dBZ) என்னும் அலகில் அளக்கப்பட்டு வண்ணங்களாகத் தெரியும். 50-ஐத் தாண்டும் திட்டு கனமழையையோ ஆலங்கட்டியையோ குறிக்கலாம். மழைக்கு முன்னே பாயும் குளிர்ந்த காற்று, மன்னார்குடி அளவுக்கு அருகில் வந்துவிட்டால், சில வேளைகளில் ரேடார் படத்தில் மெல்லிய வளைகோடாகவே தென்படும். அக்கோட்டின் மேல் புதிய மேகங்கள் முளைப்பதைப் பார்ப்பது உண்மையிலேயே பரவசம். தொலைவு கூடக் கூடக் கதிர் உயர்ந்துகொண்டே போவதுதான் குறை: அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர் திருச்சியை அடையும்போது ஏறத்தாழ 2 கி.மீ. உயரத்தில் இருப்பதால், அங்கே தரையை ஒட்டி நடப்பவை அதற்குத் தெரிவதில்லை.

ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், களத்தில் எள்ளும் நெல்லும் காய்ந்துகொண்டிருக்கும் நாட்களில், நான் ரேடாரையே தேர்வேன். தார்ப்பாய் போர்த்தக் கிடைக்கும் கடைசி ஒரு மணி நேரத்தில், சுமார் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அந்தப் படமே முடிவெடுக்க உதவுகிறது.