சதுர அடி ரேட்டா, முழுக் கணக்கா?

தொழிற்சாலையில் செய்து வந்து தளத்தில் பொருத்தும் ப்ரீஃபேப் கட்டடம் லாபமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆளுக்கொரு அளவுகோல் இருப்பதுதான் காரணம்.

அதிகம் புழங்குவது சதுர அடி ரேட். கேட்டதும் கிடைக்கும், பேரம் பேச வசதி. ஆனால் ப்ரீஃபேப்காரரும், தளத்திலேயே கட்டும் வழக்கமான முறைக்காரரும் ஒரே பட்டியலை வைத்து ரேட் சொல்வதில்லை. ப்ரீஃபேப் ரேட்டில் அஸ்திவாரம், டிரெய்லர், பெரிய கிரேன் விடுபட்டிருக்கலாம். வழக்கமான ரேட்டிலோ சாரம், மேற்பார்வை, வீணாகும் பொருள், இடித்துக் கட்டும் வேலை தனியாகத் தெரியாது. இன்னொன்று, அறை அறையாக வரும் பெட்டிகளை ஒட்டி அடுக்கும்போது சுவர் இரட்டிப்பாகும். அதனால் வெளி அளவை விட்டுவிட்டு, உள்ளே புழங்கும் பரப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்தாலே பல ரேட்டுகளின் கவர்ச்சி குறைந்துவிடும்.

அடுத்தது, வட்டியும் வாடகையும் சேர்த்த திட்டக் கணக்கு. என் ஓட்டு இதற்குத்தான். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். வழக்கமான முறையில் செலவு 100, காலம் 24 மாதம். ப்ரீஃபேப்பில் 106, 14 மாதம். முழுக்கக் கடன், வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். வழக்கமான முறையில் பணம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சராசரியாகப் பாதிதான் நிலுவை, வட்டி 10. ப்ரீஃபேப்புக்கும் அதே பாதியை வைத்து 6.2 என்று காட்டுவார்கள். அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். தொழிற்சாலை முன்பணம் கேட்கும். சராசரி நிலுவை மூன்றில் இரண்டு பங்கு என்றால் வட்டி சுமார் 8.2. ஆக, வட்டியில் மிச்சம் 1.8தான், கூடுதல் செலவு 6.

மீதியை வாடகை ஈடுகட்ட வேண்டும். செலவு போக ஆண்டுக்கு 8 வரும் விடுதி என்றால், முந்திக் கிடைக்கும் 10 மாதத்தில் 6.7. கடைசியில் 2.5 லாபம். வாடகையே வராத அலுவலகத்துக்கு அதே கட்டடம் 4.2 நஷ்டம்! வேலை 4 மாதம் இழுத்தால் விடுதிக்கும் லாபம் போய் நஷ்டம்தான். இழுக்கவும் செய்யும்: நியூயார்க்கின் புரூக்ளினில் 32 மாடி மாடுலர் (பெட்டிகளை அடுக்கிக் கட்டும்) கட்டடம் ஒன்று இரண்டு ஆண்டில் முடியும் என்று 2012 டிசம்பரில் தொடங்கி, 2016இல்தான் திறந்தது.

ஆயுட்காலச் செலவு கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 40 ஆண்டுப் பராமரிப்பை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும்போது, தள்ளுபடி விகிதத்தை (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் சதவீதத்தை) ஒரு புள்ளி நகர்த்தினாலே விடை மாறிவிடும். பெட்டி இணைப்புகளில் நீர்க்கசிவு வந்தால் என்ன செலவாகும் என்று சரிபார்க்க மட்டும் இந்தக் கணக்கைப் பயன்படுத்தலாம்.

மூன்றிலும் வராத ஒன்று, சப்ளையர் தாக்குப்பிடிப்பாரா என்பது. ஆர்டர் நின்றாலும் தொழிற்சாலையின் நிலையான செலவு நிற்காது. அமெரிக்காவின் ப்ரீஃபேப் நிறுவனமான கட்டெரா 2021இல் திவாலானது. பிரிட்டனின் இதே வகை நிறுவனமான இல்க் ஹோம்ஸ் 2023இல் சரிந்தது. பாதியில் நின்றால் அதே அளவுப் பெட்டியை வேறு ஆலையில் வாங்குவது கடினம். அதனால் முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் வாங்கி, அதற்கான கட்டணத்தையும் ப்ரீஃபேப் பக்கம் எழுதிவிடுங்கள்.