நேபாளத்து இல்லமா, நீண்டகாலப் பணியா, நம் மாவட்டமா? குழந்தைகளுக்கு உதவக் கிளம்புவோருக்கு

ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் அமர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகள் பலர், இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நேபாளத்திலோ கம்போடியாவிலோ ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் தொண்டு செய்ய ஆசைப்படுகிறார்கள். நல்ல மனசு. ஆனால் குடும்பத்தைப் பிரிந்த குழந்தைக்கு உதவ இது ஒன்றுதான் வழி என்பதில்லை. தொழில் அனுபவத்தோடு வெளிநாட்டில் நீண்டகாலம் பணியாற்றலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரியிலேயே ஒரு குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கலாம். மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: நாம் போவதால் அந்தக் குழந்தை வீடு திரும்பும் நாள் நெருங்குமா, தள்ளிப்போகுமா?

இரண்டு வார இல்லப் பயணம்

இந்தக் கேள்வியில் முதலில் தோற்பது இதுதான். இல்லங்களில் இருப்பவர்கள் எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள் என்று நாம் நினைக்கிறோம். 2011-இல் கம்போடிய அரசும் யுனிசெஃபும் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டு இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 2005-க்கும் 2010-க்கும் இடையில் மட்டும் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. சுற்றுலாப் பயணிகள் பெருகிய காலமும் அதுவே. நேபாளத்திலும் இதே கதைதான். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களில் தரகர்கள், "உங்கள் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிப் பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு, குழந்தைகளைக் காத்மாண்டு இல்லங்களில் கொண்டுவந்து சேர்த்தார்கள். உயிரோடிருக்கும் பெற்றோரைக் காகிதத்தில் இறந்தவர்களாக்கியதும் உண்டு. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, அனுமதியின்றிக் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக நேபாள அரசு தடை விதிக்க வேண்டியிருந்தது.

தன்னார்வலர் கட்டும் பணம் இந்தச் சங்கிலியில் எங்கே போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பாருங்கள். படுக்கைகள் நிரம்பியிருந்தால்தான் விருந்தினர் வருவார்கள். விருந்தினர் வந்தால்தான் வருமானம். குழந்தையை வீட்டுக்கு அனுப்பினால் நஷ்டம் என்ற நிலை வந்தபின் யார் அனுப்புவார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் என்னை அதிகம் வருத்துவது. இல்லத்துக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் ஒரு நான்கு வயதுக் குழந்தை ஓடிவந்து உங்கள் மடியில் ஏறி உட்காரும். பெயர் கூடக் கேட்காது. போனவர்கள் எல்லாரும் நெகிழ்ந்து சொல்வது இந்தக் கணத்தைத்தான். ஆனால் வீட்டில் வளரும் நான்கு வயதுக் குழந்தை அப்படிச் செய்யுமா? புதியவரைக் கண்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும், எட்டிப் பார்க்கும், அம்மா சிரித்தால்தான் பக்கத்தில் வரும். யாரிடமும் தாவும் அந்தப் பழக்கம், நிலையான ஒரு மடி கிடைக்காமல் வளர்ந்ததன் அறிகுறி. ருமேனியாவில் 2000-இல் ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நாதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர் 136 குழந்தைகளை வைத்துத் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். இரண்டு வாரம் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறும் ஒவ்வொரு தன்னார்வலரும் அந்தக் குழந்தைக்கு இன்னொரு பிரிவைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறார். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தன் தீர்மானத்தில் இல்லச் சுற்றுலாவின் கேடுகளைக் குறிப்பிட்டதற்கு இதெல்லாம்தான் காரணம்.

(பிறந்தநாளுக்கு நம் ஊர் இல்லங்களில் கேக் வெட்டி, குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்துப் பாடச் சொல்லி, படம் எடுத்துப் பகிர்வதும் இதே வகைதான். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.)

தொழில் அனுபவத்தோடு நீண்டகாலம்

இது மரியாதைக்குரிய வழி. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் நீங்கள் பணம் கட்டுவதில்லை. அவர்களே மாதாந்திர வாழ்க்கைப்படி தருகிறார்கள். அதில் சர்வதேச நிபுணராகப் போகக் குறைந்தது 27 வயதும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் வேண்டும். போரில் சிதறிய குடும்பங்களைத் தேடிச் சேர்க்கும் பணியைச் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவருகிறது. இத்தகைய வேலைகளில் குழந்தையோடு பேசுவது அந்த மண்ணின் மொழி தெரிந்த உள்ளூர்ப் பணியாளர். வெளியிலிருந்து போகிறவர் அவருக்குப் பயிற்சி தருவார், பதிவேடுகளை ஒழுங்கு செய்வார், மருத்துவம் பார்ப்பார். குழந்தைகளைக் கொஞ்ச வேண்டும் என்று போகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். செவிலியர், சமூகப் பணி படித்தவர், தரவுத் துறையில் இருப்பவர் பொறுமையாகத் தயாராகலாம். காவல்துறைத் தடையின்மைச் சான்று கேட்காமல் குழந்தைகளிடம் விடும் எந்த நிறுவனத்தையும் நம்பாதீர்கள்.

நம் மாவட்டத்திலேயே

பிரிவு என்பது நமக்குப் புதிதில்லை. வளர்க்க விரும்பாத பெண் சிசுக்களைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தர்மபுரிக்கும் வந்த வரலாறு நம்முடையது. இன்றும் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கத்துக் கிராமங்களிலிருந்து அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போக, பிள்ளைகள் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள். அப்பா கட்டட வேலையில் இறந்துபோய், பாட்டிக்கும் முடியாமல் போகும்போதுதான் "எங்கேயாவது இல்லத்தில் சேர்த்துவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது.

அந்த இடத்தில் ஒரு தன்னார்வலர் இருந்தால் என்ன செய்யலாம்? மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பாட்டியின் பழைய துணிப்பையில் ரேஷன் அட்டை இருக்கும், ஆதார் இருக்கும். மகனின் இறப்புச் சான்றிதழ் இருக்காது. இறந்தது வெளியூரில். அதை எங்கே வாங்குவது, வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் என்ன கேட்பார்கள், பேரன் பெயரில் வங்கிக் கணக்கை யார் திறப்பது? இதற்காக அவளோடு பஸ் ஏறி அலைய ஒரு ஆள் இருந்தால், அந்தப் பையன் அதே வீட்டில் இருந்து அதே பள்ளிக்குப் போவான். படம் எடுக்க இதில் ஒன்றும் இல்லை. மூன்று வழிகளில் குழந்தையை வீட்டுக்கு மிக அருகில் வைத்திருப்பது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மொழியையும் பாருங்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்தில் வளர்ந்தவர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். சேலம்–பெங்களூர் ரயில் பாதையில் தனியாக நிற்கும் ஒரு பிள்ளையிடம் ஊர்ப்பெயர் கேட்டறிய அந்த மூன்று மொழிகள் போதும். காத்மாண்டுவில் அவர் ஊமை.

இன்னும் ஆழமாக இறங்க விரும்புவோருக்கு, தத்தெடுக்காமலே ஒரு குழந்தையைத் தம் வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பு இருக்கிறது. 2024-இல் வந்த மாதிரி வழிகாட்டுதல்களின்படி திருமணம் ஆகாதவர்களும் விண்ணப்பிக்கலாம். தனி ஆணிடம் பெண் குழந்தையை ஒப்படைக்க மாட்டார்கள். இரண்டு ஆண்டுகள் வளர்த்தபின் தத்தெடுக்கவும் வழி உண்டு. குழந்தைகள் நலக் குழு வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்த பிறகே முடிவெடுக்கும். அந்த விசாரணையைச் சலிப்பாக நினைக்காதீர்கள்.

பெற்றோர் ஊரை விட்டுப் போகவே தேவையில்லாமல் செய்வது இதற்கெல்லாம் மூத்த வேலை. தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் தொடங்கிய மருத்துவப் பணி, இயற்கை விவசாயிகள் சங்கமாகவும் லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரித் தொழிலாகவும் விரிந்தது.

நேபாளத்தைப் பார்க்கத்தான் ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். மலையேறுங்கள், பசுபதிநாதரைத் தரிசியுங்கள், உள்ளூர்க் கடைகளில் செலவு செய்யுங்கள், இல்லங்களை விட்டுவிடுங்கள். செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ அனுபவம் சேர்ந்திருந்தால் இரண்டாவது வழிக்கு விண்ணப்பியுங்கள். கையில் சனிக்கிழமைகள் மட்டுமே இருப்பவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெயரைக் கொடுத்து, எந்தக் கிராமத்தில் எந்த விண்ணப்பம் எந்தச் சான்றுக்காக நிற்கிறது என்று கேளுங்கள்.