பிளாஸ்டிக் ஜாயினர்: தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

"ரிவர்ஸ் லூப் போடப் போறேண்ணே. பிளாஸ்டிக் ஜாயினர் போதுமா, தண்டவாளத்தை அறுக்கணுமா?" என்று தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். காரைக்குடியில் எங்கள் மாடி அறையில் ஓடும் எச்.ஓ. அளவு மாடல் ரயில் லேஅவுட்டில் இரண்டுமே இருப்பதால் சொல்கிறேன். ரிவர்ஸ் லூப் என்பது ரயில் வளைந்து சுற்றி வந்த பாதைக்கே திரும்பும் வளையம். அங்கே இடது தண்டவாளமும் வலதும் ஒன்றோடொன்று சேர்ந்து ஷார்ட் ஆகும், அதனால் லூப்பைக் கரண்டில் தனியாகப் பிரிக்க வேண்டும். தண்டவாளத் துண்டுகளை இணைத்தாலும் கரண்டைக் கடத்தாத இணைப்புதான் பிளாஸ்டிக் ஜாயினர்.

கரண்டை நிறுத்தும் வேலையில் பிளாஸ்டிக் ஜாயினரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளும் கசிந்ததில்லை. லூப்புக்கு இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்திலும் மாட்டினேன், முடிந்தது.

எரிச்சல் வளைவில்தான். உலோக ஜாயினருக்கு இருக்கும் பிடி இதற்கு இல்லை. இணைப்பு முழங்கை மாதிரி வெளியே புடைக்கிறது. உள்விளிம்பில் நகத்தை ஓட்டினால் படி தட்டும். நீளமான எஞ்சின் எப்படியோ கடந்துவிடுகிறது. குட்டி ஷன்டர் எஞ்சின் அங்கேதான் கவிழும், அதுவும் வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போது. நிஜ ரயில்வேயிலும் டிராக் சர்க்யூட்டுக்காக (பாதையில் ரயில் இருப்பதைக் கரண்டால் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) தண்டவாளத்தை இப்படித்தான் பிரிக்கிறார்கள். ஆனால் அங்கே பிஷ்பிளேட் என்ற இணைப்புத் தகடு, போல்ட், பசை எல்லாம் சேர்ந்து இறுக்கிப் பிடிக்கும்.

அதற்காக வெறுமனே அறுத்து விட்டுவிடாதீர்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மெல்லிய ரம்பம் விடும் இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். நம்ம ஊர் சித்திரை வெயிலில் காலையில் அறுத்தது மதியம் ஒட்டிக்கொண்டு ஷார்ட் அடிக்கும். பிளாஸ்டிக் ஜாயினரின் நடுவில் இருக்கும் சின்ன மேடு அதைத் தடுக்கிறது. அந்தப் புண்ணியம் அதற்கு உண்டு.

வளைவில் நான் இப்போது செய்வது: இரு பக்கமும் தண்டவாளத்தைச் செம்புத் தகடு ஒட்டிய ஸ்லீப்பரில் சால்டர் பண்ணி, அந்தத் தகட்டின் செம்பையும் நடுவில் கீறிப் பிரித்துவிட்டு, அப்புறம் டிஸ்க்கால் அறுப்பது. இடைவெளியில் பிளாஸ்டிக் சில்லைச் சொருகி, சூப்பர் குளூ விட்டு, காய்ந்ததும் அரம் போட்டால் நகம் தட்டாது.

இன்னொன்று: லூப்பின் தனித்த பகுதி உங்கள் ரயிலைவிட நீளமாக இருக்கட்டும். விளக்கு எரியும் பெட்டிகளின் உலோகச் சக்கரம் இரு முனை இடைவெளிகளையும் ஒரே நேரத்தில் மிதித்தால் லூப்பின் துருவத்தைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்சர் திணறும், தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பூஸ்டர் டிரிப் ஆகும்.

நேர்ப்பாதைக்குப் பிளாஸ்டிக் ஜாயினர் நல்ல சாமான்தான். இருந்தாலும் நான் இனி வாங்க மாட்டேன். மிச்சம் ஒரு பாக்கெட் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வரும்போது அறுக்கிற டிஸ்க் இரண்டு கொண்டு வாருங்கள், என்னிடம் தீர்ந்துவிட்டது.