கொல்லையா, மாடியா? டெல்டா வீட்டுத் தோட்டத்துக்கு எது சரி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வீட்டுக்குக் காய்கறியும் மூலிகையும் வளர்க்க நினைக்கிறவர்களுக்கு முதலில் வரும் குழப்பம், கொல்லையில் பாத்தி போடுவதா, மாடியில் பை வைப்பதா என்பதுதான். பெரிய நகரங்களில் இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் முடிந்தது. நம் ஊரில் மழையைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. காலுக்குக் கீழே இருப்பதோ பெரும்பாலும் களிமண். ஐப்பசி, கார்த்திகையை எந்தச் செடி எங்கே தாங்கும் என்று யோசித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கொல்லை மண்ணின் பலம் பெரிது. சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாழை, கறிவேப்பிலை, அகத்தி, சுண்டைக்காய் ஆகியவை ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் அதிகக் கவனிப்பு கேட்காது. சித்திரை வெயிலில் இரண்டு நாள் வெளியூர் போய் வந்தாலும் அப்படியே இருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடலாம். சோப்பு கலந்த தண்ணீரைக் கீரைக்கு மட்டும் விட வேண்டாம்.

அதே மண்தான் அடைமழையில் எமனாகிறது. களிமண்ணின் நுண்ணிய துளைகளெல்லாம் தண்ணீரால் அடைபட்டு, வேருக்குக் காற்று கிடைக்காமல் போகிறது. கத்தரியும் மிளகாயும் சேற்றில் நின்றுகொண்டே இலை தொங்கி வாடும். வாட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுகிறவர்கள் உண்டு. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும்: வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் தனியாக உருவிக்கொண்டு வரும், சாக்கடை வாடை அடிக்கும். முருங்கைக்கும் தண்ணீர் தேங்கினால் ஆகாது. வேதாரண்யம் மணலில் அது செழிப்பதற்கும், வயலோரக் களிமண்ணில் திணறுவதற்கும் இதுதான் காரணம்.

மாடிப் பையில் இந்தத் தொல்லை இல்லை. அடியில் ஓட்டை அடைபடாமல் இருந்தால் எவ்வளவு பெய்தாலும் வடிந்துவிடும். தக்காளி, மிளகாய், புதினா, கொத்தமல்லி எல்லாம் மழைக்காலத்தில் மாடியில்தான் பிழைக்கும். கொத்தமல்லிக்கு மட்டும் மேலே ஒரு மறைப்பு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மழை அடித்துச் சாய்த்துவிடும். பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்ந்த மாடித்தோட்டத் தொகுப்பைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்திருக்கிறது. தொடங்க நினைப்பவர்கள் வட்டார அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

நார்க்கழிவுக்கு நமக்குப் பஞ்சமில்லை, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னைதான். ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே பையில் போட வேண்டும். அதில் சத்தும் கிடையாது. மண், நார்க்கழிவு, மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலப்பது நல்லது. வெறும் கொல்லைக் களிமண்ணை அள்ளிப் பையில் நிரப்பினால் நாலே வாரத்தில் செங்கல்லாக இறுகிவிடும். கடலோரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிற வீடுகளில் பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூக்கும். மழைநீரைப் பிடித்து வைக்காமல் அங்கே மாடித் தோட்டம் நிலைப்பது கஷ்டம்.

கோடையில் கணக்கு தலைகீழ். தளம் கொதிக்கும், பைக்குள் வேரும் வேகும். நிழல்வலையும், காலை மாலை இரண்டு வேளைத் தண்ணீரும் இல்லாமல் பங்குனி, சித்திரையைக் கடத்த முடியாது.

மூலிகை விஷயத்தில் நான் கொல்லையின் பக்கம். ஆடாதோடையையும் நொச்சியையும் வேலியோரம் போத்து ஒடித்து ஊன்றினாலே துளிர்க்கும், ஆடும் வாய் வைக்காது. தூதுவளையையும் பிரண்டையையும் வேலியிலேயே ஏற்றிவிடலாம். வெற்றிலைக்கு அகத்தி நிழல் போதும், கொடிக்காலில் செய்வதும் அதுதானே. களிமண்ணின் ஈரத்தைக் குறையாக நினைக்காத மூலிகைகளும் இருக்கின்றன: வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, வசம்பு. கிணற்றடியில் நல்ல தண்ணீர் கசிகிற மூலையை இவற்றுக்கு விட்டுக்கொடுங்கள். எந்தப் பையிலும் இந்தச் செழிப்பு வராது. கற்பூரவல்லியும் சோற்றுக்கற்றாழையும் நேர்மாறு. தண்ணீர் நின்றால் தண்டோடு அழுகும், தொட்டிதான் அவற்றுக்குச் சரி. துளசிக்கு மாடம் இருக்கவே இருக்கிறது. வீட்டில் வளர்ந்த மூலிகைதானே என்று அளவில்லாமல் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே வேண்டாம்.

காய்கறிக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, பலரும் கண்டுகொள்வதில்லை. கொல்லையிலேயே ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து, சுற்றிலும் வடிகால் வெட்டிவிடுவது. மண்ணில் எருவோடு கருக்கிய உமியைக் கலந்தால் களி பொலபொலப்பாகும். சம்பா அறுப்பு முடிந்ததும் கிடைக்கிற வைக்கோலை மேலே மூடாக்காகப் போட்டால் கோடையில் மண் வெடிக்காது. மயிலையும் எலியையும் சமாளிக்க வேண்டும் என்பது உண்மைதான், அதற்கு வலை கட்டத்தான் வேண்டும். இருந்தாலும் கொல்லை உள்ள வீட்டுக்கு என் முதல் சிபாரிசு இதுவே. பைக்குச் செலவழிக்கும் பணம் மிச்சம், மண்ணும் வருடத்துக்கு வருடம் தேறும்.

புயலையும் யோசிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தபோது தென்னையே வேரோடு சாய்ந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் பையைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடலாம், தரையில் நிற்பதைத் தூக்க முடியாது. மாடிக்கு இது ஒரு நல்ல வசதி.

கொல்லையே இல்லாத வீட்டுக்கு மாடிதான் கதி, அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் மரச்சட்டம் போட்ட பழைய மெட்ராஸ் தளம் என்றால் பை அடுக்குவதற்கு முன் ஒரு நல்ல கொத்தனாரிடம் காட்டிவிடுங்கள். நனைந்த பெரிய பை ஒன்றே பதினைந்து, இருபது கிலோ கனக்கும். கான்கிரீட் தளமாக இருந்தாலும் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, செங்கல்மேல் தூக்கி வையுங்கள். தளத்தில் ஈரமும் நிற்காது, வடிகால் ஓட்டையும் அடைபடாது.