8 வயதிலா, 12 வயதிலா: பிள்ளைக்குக் கிளிப் எப்போது போடுவது?

என் பிள்ளைகள் இரண்டு பேருக்குமே எடுப்புப் பல். மகனுக்கு 8 வயதில் ஆரம்பித்து இரண்டு கட்டமாகச் செய்தோம். மகளுக்குப் பொறுத்திருந்து, பதினொன்றரை வயதில் ஆரம்பித்து ஒரே மூச்சில் முடித்தோம். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தபிறகு என் மனம் பொறுத்திருக்கும் பக்கம்தான் சாய்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

இரண்டு கட்டம் என்றால், பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்து நிற்கும் 7 முதல் 10 வயதுக்குள் ஒரு கருவியை மாட்டித் தாடையையோ முன்பற்களையோ ஓரளவு சரிசெய்வது. அப்புறம் கொஞ்ச காலம் ரிடெய்னர், அதாவது நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் பிளேட். மீதிப் பற்களும் முளைத்த பிறகு முழுக் கிளிப். ஒரே கட்டம் என்றால், பால் பற்கள் விழுந்து முடியும் சமயத்தில், 11 அல்லது 12 வயதில் தொடங்கி இரண்டு வருடம் போல. முதல் வழியில் செலவும் அலைச்சலும் கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கம்பி மாற்றிய முதல் இரண்டு மூன்று நாள் இருவருமே சிணுங்கினார்கள்.

மகனுக்கு மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களைவிட 8 மில்லிமீட்டர் முன்னால் நின்றன. உதடு மூடாது. ட்வின் பிளாக் என்று மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பிளேட் கொடுத்தார்கள். வாயை மூடினால் கீழ்த்தாடை முன்னால் வந்துதான் கடிக்கும். 14 மாதம் போட்டான், பல்லும் நன்றாகவே உள்ளே போனது. அதன்பிறகு இரண்டரை வருடம் ரிடெய்னர், 12 வயதில் முழுக் கிளிப். எல்லாம் முடியும்போது அவனுக்கு 14. மகளுக்கும் அதே ட்வின் பிளாக்தான், ஆனால் உயரம் விறுவிறுவென்று கூடிக்கொண்டிருந்த சமயத்தில். 9 மாதத்தில் அது முடிந்து நேராகக் கிளிப்புக்குப் போனாள். அவள் முடிக்கும்போதும் 14தான். இருவர் பல்வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எந்த வழியில் வந்தது என்று சொல்ல முடியாது.

என் வீட்டில் பார்த்தது மட்டும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 ஆய்வுத் தொகுப்பும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. எடுப்புப் பல்லுக்குச் சீக்கிரம் சிகிச்சை செய்தால் முன்பல் அடிபடுவது குறைகிறது. மற்றபடி பதின்வயதில் ஒரே கட்டமாகச் செய்வதைவிடக் கூடுதல் பலன் இல்லை. அந்த அடிபடும் விஷயம் சின்னதல்ல. ஓடிக்கொண்டே இருக்கிற, அடிக்கடி விழுகிற பிள்ளை, பல்லும் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் முதல் வழியை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பிள்ளையின் பொறுமை. எட்டு வயதில் மகன் ஆர்வமாக இருந்தான். பிளேட்டைத் தானே கழுவி டப்பாவில் வைப்பான். பத்து வயதில் ரிடெய்னரைப் போட்டாயா என்று தினமும் நான் கேட்க வேண்டியிருந்தது. பன்னிரண்டில், நிஜமான வேலை ஆரம்பிக்கும்போது, அவனுக்கு எல்லாம் அலுத்துவிட்டது. பல்லில் ஒட்டிய கிளிப்பைக் கழற்றித் தேய்க்க முடியாது. கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டிய சின்னத் துண்டான பிராக்கெட் ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் பிரஷ்ஷைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும், கம்பிக்கு அடியில் சின்னப் பிரஷ்ஷை விட்டு எடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஐந்து நிமிடம் ஆகும். அவன் அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடுவான். அழுக்கு அப்படியே தங்கினால் ஒரு மாதத்திலேயே எனாமல் வெளுக்க ஆரம்பிக்கும். கிளிப்பைக் கழற்றிய அன்று கண்ணாடியில் பார்த்தான். நேரான பற்கள், ஆனால் மேல் முன்பற்கள் நான்கிலும் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு. நான்கு வருடம் எதையாவது வாயில் மாட்டிக்கொண்டிருந்த பிள்ளையிடம் இன்னும் இரண்டு வருடக் கவனத்தைக் கேட்டது எங்கள் தவறு. மகள் அந்த இரண்டு வருடத்துக்குப் புதிதாக வந்தாள், புதிதாகவே முடித்தாள்.

பொறுத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. மேல்தாடை குறுகி, மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே கடித்தால் சீக்கிரம் போவதுதான் சரி. அண்ணத்தின் நடுவில் இருக்கும் இணைப்பு சின்ன வயதில் எளிதாக விரியும், பதின்வயது போகப்போக இறுகிவிடும். இதில் நான் பார்த்தது என் தங்கை மகளை மட்டும்தான். 9 வயது. மடியில் படுக்க வைத்து, டார்ச் அடித்து, அண்ணத்தை விரிக்கும் கருவியான எக்ஸ்பாண்டரின் சின்னத் துளையில் சாவியை விட்டுத் தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். இரண்டாவது வாரம் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது, குழந்தை பயந்துவிட்டாள். அண்ணம் விரிகிறது என்பதற்கு அடையாளமே அதுதான், பிறகு தானாகக் கூடிவிட்டது. கீழ்வரிசை மேல்வரிசைக்கு முன்னால் வந்து கடிக்கிற பிள்ளைகளுக்கும் சீக்கிரம் காட்ட வேண்டும். மேல்தாடையை முன்னால் இழுக்கும் முகக் கருவி 10 வயதுக்கு முன்னால்தான் நன்றாக வேலை செய்யும். அது எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை, அதனால் போட்டுப் பார்த்த அனுபவமாக எதுவும் சொல்ல மாட்டேன்.

பொறுத்திருப்பது என்றால் பார்க்காமல் விடுவது இல்லை. 7 வயதில் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பால் கடைவாய்ப் பல்லைச் சொத்தையால் சீக்கிரம் எடுக்க நேர்ந்தால், இடம் அடையாமல் இருக்க ஏதாவது வைக்க வேண்டுமா என்று கேளுங்கள். 10 வயதில் மேல் கோரைப் பல் ஈறுக்குள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மகளுக்கு அது கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தது. பால் கோரைப் பற்கள் இரண்டையும் எடுத்ததோடு சரி, ஒரு வருடத்தில் தானாக இறங்கி வந்துவிட்டது.

மகளுக்கு 8 வயது இருக்கும்போது, இப்போது எதுவும் செய்யாவிட்டால் பிறகு செய்ய முடியாமல் போவது எது என்று மருத்துவரிடம் கேட்டேன். எக்ஸ்ரேயை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "அப்படி ஒன்றும் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.