நாலு வருட கெமோமில், ஒரு நறநற பாயசம்

நேற்று வைத்த பாயசம் வாயில் நறநறத்தது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதுகிறேன், படிக்கிறவர்கள் அதற்கேற்பக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

ஊரிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, இங்க எதுக்கெடுத்தாலும் கெமோமில் டீங்கிறாங்களே, வாங்கலாமா? தூக்கம் வருமா?" எதுக்கெடுத்தாலும் என்று அவள் சொன்னது சரிதான். நம் வீட்டில் ஓமத்துக்கும் சுக்குக்கும் உள்ள இடம் ஜெர்மனியில் இந்தச் சீமைச் சாமந்திக்கு. வயிறு வலித்தால் டீ, சளி பிடித்தால் அதையே கொதிக்கவைத்து ஆவி. ஆனால் நான் இதை மருந்தாக வாங்கவில்லை. நாலு வருடமாகச் சமையலுக்கு வாங்குகிறேன்.

சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் டீ பையை விட்டுவிடுவோம். அதற்குள் இருப்பது நறுக்கிச் சலித்த தூள். அதைக் குடித்துவிட்டுத்தான் பலர் "வைக்கோல் ஊறின தண்ணி" என்று முகம் சுளிக்கிறார்கள். முதல் வருடம் நானும் அந்தக் கட்சிதான். அப்புறம் ஒருநாள் மருந்துக்கடையில் முழுப்பூ வாங்கினேன். அங்கே விற்கிற பூவுக்கு ஐரோப்பிய மருந்துத் தரநூல் அளவு வைத்திருக்கிறது: ஒரு கிலோவில் குறைந்தது 4 மில்லிலிட்டர் எண்ணெய் இருக்க வேண்டும், அதுவும் நீல எண்ணெய். பூவில் நீலம் எங்கேயும் இல்லை. காய்ச்சி வடிக்கிற சூட்டில்தான் அந்த நிறம் பிறக்கிறது, பேனா மை போல. (அந்த எண்ணெயைச் சமையலில் ஊற்றிவிடாதீர்கள், பூ போதும்.) 'ஜெர்மன் கெமோமில்' என்று ஊரெல்லாம் பெயர், என் பொட்டலத்தில் 'விளைந்த நாடு: எகிப்து' என்று இருக்கிறது. நூறு கிராம்தான், ஆனால் பஞ்சு மாதிரி, என் பெரிய பருப்பு டப்பாவே நிறைந்துவிடும்.

ஒரு பூவை எடுத்து நகத்தால் நெடுக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் இருக்கிற மஞ்சள் குமிழ் உள்ளே காலியாக இருக்கும், குட்டிக் கூடாரம் மாதிரி. அதுதான் அசல் அடையாளம். ஜூன் மாதம் இங்கே கோதுமை வயல் ஓரத்தில் இது தானாகவே பூக்கும். அச்சு அசலாக இதே மாதிரி இன்னொரு பூவும் பக்கத்திலேயே பூக்கும், அதன் குமிழ் கெட்டி, வாசனை சுத்தமாகக் கிடையாது. என் வீட்டுக்காரர் ஒரு பை நிறையப் பறித்து வந்தது அந்த இரண்டாவதை. அவரைப் பற்றி இன்னும் வரும்.

இப்போது பால். கெமோமில்லின் வாசனை எண்ணெயில் இருக்கிறது, வெறும் தண்ணீரில் அது முழுசாக இறங்காது. கொழுப்புள்ள பாலில் போட்டால் வேறு பூவோ என்று சந்தேகம் வரும். அரை லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, இரண்டு மேசைக்கரண்டி பூவின் மேல் ஊற்றி மூடிவிட வேண்டும். மூடியைத் திறக்கிற அந்த ஒரு நொடியில் பழுத்த ஆப்பிளும் தேனும் கலந்த வாசம் வரும். கிரேக்கர்கள் இதைத் 'தரை ஆப்பிள்' என்றார்கள், ஸ்பெயின்காரர்களுக்கு இது 'மன்சனீயா', அதாவது குட்டி ஆப்பிள். டீ பை காலத்தில் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அந்தப் பாலில் சேமியா பாயசம் வைத்தால் ஏலக்காய் போடவே கூடாது, பூ எங்கே போனதென்றே தெரியாது. வெல்லமும் வேண்டாம், சர்க்கரை மட்டும். முதல்முறை வைத்தபோது ஒரு குண்டான் பாயசத்தை இரண்டு பேரும் நின்றபடியே காலி செய்தோம்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். அந்த மஞ்சள் குமிழ் என்பது ஒரு பூ இல்லை, நூற்றுக்கணக்கான பொடிப் பூக்கள் ஒட்டிக்கொண்ட கூட்டம். காய்ந்ததும் கை பட்டாலே உதிரும். டீ வடிகட்டி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய துணியில்தான் வடிக்க வேண்டும், அதுவும் பிழியாமல், தானாகச் சொட்டுகிற வரை. பிழிந்தால் பொடியும் வரும், கசப்பும் வரும். இதை எங்கள் வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நேற்று நான் போனில் இருந்த இரண்டு நிமிடத்தில், "பால் வீணாகுதே" என்று வடிகட்டியில் கரண்டியை வைத்து அழுத்தியவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? பாயசம் முழுக்க மூக்குப்பொடி மாதிரி மஞ்சள். வேகாத ரவை பல்லில் மாட்டினால் எப்படியோ அப்படி.

இன்னொரு தொல்லை, இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மூன்று நிமிடம் ஊறினால் இனிப்பான வாசனை, ஏழெட்டு நிமிடம் தாண்டினால் கசாயம். பொட்டலத்திலோ, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் குறைந்தது ஐந்து நிமிடம் விடு, அப்போதுதான் பாதுகாப்பான உணவு என்று எழுதியிருக்கிறது. வயலில் விளைந்து காய்ந்த பூவில் கிருமி இருக்கலாம், அவர்கள் சொல்வது நியாயம்தான். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைக்கும் யோசனையை இதனால்தான் கைவிட்டேன். ஐந்தாவது நிமிடம் அடுப்படியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பாலும் சர்க்கரையும் கசப்பை ஓரளவு மறைக்கும், வெறும் தண்ணீர் மறைக்காது.

மற்ற முயற்சிகள்: ரசத்தில் போட்டது படுதோல்வி, தொழுவத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. சாதம் வடிக்கும் தண்ணீரில் போட்டேன், ஒன்றுமே தெரியவில்லை. சர்க்கரைப் பாகில் பூவை ஊறவைத்து வடித்து ஸ்ட்ராபெரி மேல் ஊற்றியது மட்டும் தேறியது. அந்தப் பாகில் எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

தூக்கம் வருமா என்று கேட்டாளே. எனக்கு வருகிறது. ராத்திரி பத்து மணிக்குப் போனைத் தூரமாக வைத்துவிட்டுச் சூடாக எதைக் குடித்தாலும் எனக்குத் தூக்கம் வரும், பூவுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட முடியவில்லை. மாமியார் வந்திருந்தபோது அவருக்கும் கொடுக்கலாமா என்று மருந்துக்கடையில் கேட்டேன். அந்த அம்மா முதலில் விசாரித்தது, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா என்றுதான். எடுக்கிறார். அப்படியானால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்றார். சாமந்தி, சூரியகாந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களும் தள்ளி நிற்பது நல்லது, இதுவும் அந்தக் குடும்பம்தான்.

ஆக, வாங்கலாமா? வேண்டாம். ஏழு யூரோ சொச்சம் கொடுத்து, துணியில் வடித்து, கடிகாரம் பார்த்து, கடைசியில் பல்லில் பொடி. ஏலக்காய் இருக்கிறது, குங்குமப்பூ இருக்கிறது, நமக்கு என்ன குறை? அந்தப் பெண்ணுக்கும் நேற்று ராத்திரி இதையேதான் அனுப்பினேன். கூடவே, சனிக்கிழமை சாப்பிட வா, பாயசம் வைக்கிறேன் என்றும் எழுதினேன். டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது. வடிகட்டப் பழைய வேட்டி ஒன்றைக் கிழிக்க வேண்டும், அவருடையதுதான்.